மறு: குறிகைக் கசிவா, பொசிவா? – பிளேபாய் அலைவரிசைக் கட்டுரைக்கான சொற்கள்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

இந்த இழையை முதலிலிருந்து படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அமெரிக்காவில் வயது வந்தோருக்கான நிகழ்ச்சிகளை ஒளிபரப்பிய பிளேபாய் தொலைக்காட்சியின் வரலாற்றைத் தமிழில் எழுத முன்வந்த தங்கைக்கு என் பாராட்டு. கூச்சப்பட்டு ஒதுக்கிவிடக்கூடிய பொருள்தான். ஆனால் அமெரிக்கப் பேச்சுரிமைச் சட்டத்தைப் படிக்கும் எவரும் தாண்டிப்போக முடியாத ஒரு தீர்ப்பு இந்த அலைவரிசை தொடுத்த வழக்கில்தான் வந்தது. அந்தத் தீர்ப்பின் நடு நரம்பே ‘சிக்னல் பிளீட்’ என்ற ஒரு தொழில்நுட்பச் சொல்: காசு கட்டாத வீட்டிலும் அலைவரிசையின் குறிகை (சிக்னல்) கொஞ்சம் படமாகவோ ஒலியாகவோ வெளிப்பட்டுவிடுவது. அதற்குச் சரியான தமிழ் கிடைக்காமல் கட்டுரை நகராது.

எளிதானவற்றை முதலில் முடித்துவிடலாம். மாதச் சந்தா கட்டிப் பார்ப்பது ‘கட்டணத் தொலைக்காட்சி’. இதில் யாருக்கும் மறுப்பில்லை. ஒரு படத்துக்கோ ஓர் இரவுக்கோ மட்டும் காசு கட்டிப் பார்ப்பதற்கு ‘பார்வைக்கட்டணம்’ என்று வந்த பரிந்துரை நன்றாகவே இருக்கிறது. 1982 நவம்பரில் எஸ்கபேட் என்ற அலைவரிசையின் இடத்தில் தொடங்கிய பிளேபாய், முதலில் மாதச் சந்தாவை நம்பியிருந்து, எண்பதுகளின் கடைசியில் பார்வைக்கட்டணத்துக்கு மாறியது. அந்த மாற்றத்தைச் சொல்ல இரண்டு சொல்லும் வேண்டும்.

அடுத்து, அலைவரிசையின் வகை. ‘ஆபாச அலைவரிசை’ என்று இரண்டு மடல்களில் பார்த்தேன். தயவுசெய்து வேண்டாம். அமெரிக்கச் சட்டத்தில் ஒன்று ஆபாசம் என்று முடிவாகிவிட்டால் அதற்குப் பேச்சுரிமைப் பாதுகாப்பே கிடையாது. பிளேபாய் ஒளிபரப்பியது அந்த வகையில் சேராது என்பதை அடிப்படையாக வைத்துத்தான் இரு தரப்பும் வழக்காடின. நாம் தலைப்பிலேயே ‘ஆபாசம்’ என்று போட்டால் நீதிமன்றம் சொல்லாத ஒன்றை நாம் சொன்னதாகிவிடும். திரைப்படச் சான்றிதழில் ‘வயது வந்தோருக்கு மட்டும்’ என்பது எல்லாருக்கும் பழகிய தொடர். ‘வயதுவந்தோர் அலைவரிசை’ போதும்.

சரி, இனி உண்மையான சிக்கல்: சந்தா கட்டாதவருக்குத் தெளிவாகத் தெரியாதபடி படத்தைக் கலைத்து அனுப்பும் ‘ஸ்கிராம்பிளிங்’.

> ‘மறையாக்கம்’ என்று ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறதே ஐயா, ஸ்கிராம்பிளிங்குக்கும் அதையே போட்டால் என்ன?

போடக் கூடாது. மறையாக்கம் என்றால் சாவி இல்லாமல் உள்ளே இருப்பது என்னவென்றே தெரியக் கூடாது. எண்பதுகளின் அமெரிக்கக் கேபிளில் நடந்தது அது இல்லை. அன்றைய படம் 525 வரிகளால் ஆனது. ஒவ்வொரு வரியும் எங்கே தொடங்குகிறது என்று தொலைக்காட்சிப் பெட்டிக்குச் சொல்ல ஒரு சிறு துடிப்பு கூடவே வரும். பல கேபிள் நிறுவனங்கள் செய்ததெல்லாம் அந்தத் துடிப்பை அமுக்கியதுதான். படம் முழுசாகக் கம்பி வழியே எல்லா வீட்டுக்கும் வந்துகொண்டிருக்கும். வரி தொடங்கும் இடம் பிடிபடாததால் அது சாய்ந்து, கிழிந்து, நிறம் திரிந்து ஓடும். சந்தா கட்டிய வீட்டிலிருக்கும் சிறு பெட்டி அமுங்கிய துடிப்பை மறுபடி தூக்கிவிடும். படம் நிமிர்ந்துவிடும். அவ்வளவுதான் வித்தை.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த ஒளிபரப்பு முறையில் அலையின் உயரமான பகுதி இந்தத் துடிப்பு. அதற்கு அடுத்த உயரம் படத்திலுள்ள கருமைக்கு. துடிப்பு அமுங்கிவிட்டால் பெட்டி உயரமாக இருக்கும் வேறெதையாவது பற்றிக்கொள்ளப் பார்க்கும். படத்தில் ஒரு கரும்பட்டை, ஓர் இருண்ட சுவர், வாகான இடத்தில் வந்தால் அதையே துடிப்பென்று எடுத்துக்கொள்ளும். அந்தச் சில விநாடி படம் ஒழுங்காக நிற்கும், காட்சி மாறியதும் மறுபடி சரியும். எந்த வீட்டில், எந்த நிமிடம், எவ்வளவு தெரியும் என்று யாராலும் சொல்ல முடியாமல் போனதற்குக் காரணம் இதுதான். பின்னால் வழக்கில் இது பெரிய விஷயமானது.

ஆகவே இங்கே எதையும் மறைக்கவில்லை, கட்டை அவிழ்த்துவிட்டிருக்கிறார்கள். நிலைகுலைவு, சீர்குலைவு, கட்டுக்குலைவு என்று நாம் தினமும் எழுதும் சொல்லிலேயே விடை இருக்கிறது: ‘குலைப்பு’. சரிசெய்யும் பெட்டி ‘குலைவுநீக்கி’.

> குலைப்பு என்றால் நாய் நினைவுக்கு வராதா?

வரும், மறுக்கவில்லை. எங்கள் பக்கத்திலும் நாய் ‘குலைக்குது’ என்றுதான் பேச்சு. ஆனால் எழுத்தில் நாய்க்குக் ‘குரைப்பு’ நிலைத்துவிட்டது. தயக்கமிருந்தால் ‘படக்குலைப்பு’, ‘ஒலிக்குலைப்பு’ என்று முன்னொட்டோடு எழுதுங்கள், ஐயத்துக்கு இடமிருக்காது.

குலைப்பும் மறையாக்கமும் வேறுவேறு என்பதற்கு நல்ல சாட்சி வீடியோசைஃபர் 2. 1986 ஜனவரியில் எச்பிஓ என்ற கட்டண அலைவரிசை தன் செயற்கைக்கோள் ஒளிபரப்பை முழு நேரமும் பூட்டியது இந்த முறையால்தான். அதில் ஒலியை எண்களாக்கி முறையாக மறையாக்கம் செய்தார்கள், படத்தை வெறுமனே குலைத்தார்கள். ஒரே கருவிக்குள் இரண்டும் நடக்கின்றன. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் இந்த வாக்கியத்தையே எழுத முடியாது.

இப்போது இழையின் தலைப்புக்கு வருகிறேன். குலைத்த பிறகும் சந்தா கட்டாத வீட்டில் படமோ ஒலியோ கொஞ்சம் தெரிந்துவிடுகிறதே, ‘சிக்னல் பிளீட்’, அதற்கு என்ன பெயர்? பெரும்பாலோர் ‘குறிகைக் கசிவு’ என்கிறீர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. தடை என்னவென்றால், கேபிள் தொழிலில் கசிவு என்பது ஏற்கெனவே வேறொன்று. கம்பியின் உறை விரிசல் விட்டாலோ இணைப்பு தளர்ந்தாலோ உள்ளே ஓடும் அலை காற்றில் வெளியேறும். விமானங்கள் பேசும் அலையெண்களைக் கேபிள் நிறுவனங்களும் கம்பிக்குள் பயன்படுத்துவதால் அந்தக் கசிவுக்கு அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் அளவு வகுத்துக் கண்காணிக்கிறது. அதை நாம் ‘கசிவு’ என்றுதான் சொல்லியாக வேண்டும், வேறு பொருத்தமான சொல் இல்லை. நாம் பேசுவதிலோ எந்தக் கம்பியிலும் ஓட்டையில்லை. அலை போக வேண்டிய வழியிலேயே போய், போக வேண்டிய வீட்டுக்கே சேர்ந்து, அங்கே தெரியக் கூடாத அளவுக்குத் தெரிகிறது.

‘ஊறல்’ என்று யாழ்ப்பாணத்து நண்பர் சொன்னதை யோசித்துப் பார்த்தேன். தாளின் மறுபுறம் மை ஊறித் தெரிவதை வைத்துச் சொன்னார், பொருள் அழகாகப் பொருந்துகிறது. ஆனால் தமிழ்நாட்டுச் செய்தித்தாளில் ‘ஊறல்’ என்றால் காவல்துறை அழித்த சாராய ஊறல்தான்.

என் பரிந்துரை ‘பொசிவு’. நெல்லுக்கு இறைத்த நீர் புல்லுக்கும் பொசியும் என்பது எல்லாரும் பள்ளியில் படித்தது. வாய்க்கால் உடையவில்லை, யாரும் திருடவில்லை. ஒருவருக்கு விட்டது பக்கத்தவருக்கும் கொஞ்சம் போய்ச் சேர்கிறது. ‘குறிகைப் பொசிவு’ என்றால் இதைவிடத் துல்லியமாக எனக்குத் தோன்றவில்லை. குறிகைக்குப் பதில் சமிக்ஞை என்று எழுதுவதில் எனக்கு வருத்தமில்லை. ஈழத்து வாசகருக்கு அதுவே இயல்பு.

> எளிய வாசகனுக்குப் புரிய ‘ஆபாசக் கசிவு’ என்றே வைக்கலாமே.

இதை நான் கடுமையாக மறுக்கிறேன். வெறும் சொல்ருசிக்காக இல்லை.

1996 தொலைத்தொடர்புச் சட்டத்தின் 505-ஆம் பிரிவைப் பாருங்கள். வயதுவந்தோர் நிகழ்ச்சிக்கென்றே இயங்கும் அலைவரிசைகளைச் சந்தா கட்டாத வீடுகளில் படமும் ஒலியும் துளிகூடத் தெரியாமல் அடைக்க வேண்டும். முடியாவிட்டால் குழந்தைகள் பார்க்க வாய்ப்பில்லாத நேரத்தில், அதாவது இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை மட்டுமே அனுப்பலாம் என்றது அது. முழுக்க அடைக்கச் செலவு அதிகம் என்பதால் பெரும்பாலான நிறுவனங்கள் நேரத்தைக் குறைத்துக்கொண்டன. விளைவு, காசு கட்டிய, குழந்தைகளே இல்லாத வீட்டிலும் பகலில் ஒளிபரப்பு நின்றது. இத்தகைய நிகழ்ச்சிகளை வீடுகள் பார்ப்பதில் 30 முதல் 50 விழுக்காடு இரவு 10-க்கு முன்புதான் என்பது வழக்கில் பதிவானது. பிளேபாய்க்கு அடி எவ்வளவு என்பது இதிலிருந்தே தெரியும்.

பொசிவு எல்லாக் கட்டண அலைவரிசைக்கும் பொது. திரைப்பட அலைவரிசையைக் குலைத்தாலும் அதே சாய்ந்த படம்தான். சட்டமோ ஒரே ஒரு வகையின் பொசிவை மட்டும் பிடித்தது. அதனால்தான் உச்ச நீதிமன்றம் இதை உள்ளடக்கத்தைப் பார்த்துப் போட்ட தடை என்று வகைப்படுத்தி, இருப்பதிலேயே கடுமையான சோதனைக்கு உட்படுத்தியது. அதே சட்டத்தின் 504-ஆம் பிரிவு ஏற்கெனவே, கேட்கிற வீட்டுக்கு அந்த அலைவரிசையை இலவசமாக அடைத்துக்கொடு என்கிறது. அப்படிக் கேட்டவர்கள் சந்தாதாரர்களில் அரை விழுக்காட்டுக்கும் குறைவு. 3 கோடியே 90 லட்சம் வீடுகளில் 2 கோடியே 95 லட்சம் குழந்தைகளுக்குப் பொசிவு எட்டக்கூடும் என்று அரசு தரப்பில் ஒரு கணக்கு வந்தது. ஆனால் எத்தனை வீட்டில் உண்மையில் எவ்வளவு தெரிந்தது என்பதற்கு அரசிடம் ஆய்வு இல்லை. 2000 மே 22 அன்று, ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், நீதிபதி கென்னடி எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பில் 505 விழுந்தது.

பொசிவு என்பது அலைக்கு நேர்வது, ஆபாசம் என்பது மனிதர் சொல்லும் மதிப்பு. இரண்டையும் ஒரே கலைச்சொல்லில் ஒட்டிவிட்டால், சட்டம் எங்கே தடுக்கி விழுந்தது என்பதை வாசகருக்கு விளக்கவே வழியில்லாமல் போகும். நீதிபதி பிரையரின் மாற்றுத் தீர்ப்பும் லேசானதல்ல. பெற்றோர் கேட்டால்தான் அடைப்போம் என்பது கேட்கத் தெரியாத, வீட்டில் இல்லாத பெற்றோரின் குழந்தைகளை விட்டுவிடுகிறது என்ற கவலை அதில் இருக்கிறது. கட்டுரையில் அதற்கும் நியாயமான இடம் கொடுங்கள்.

ஒரு துணைச் சொல்லும் வேண்டியிருக்கும். 1987 செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிளேபாயின் செயற்கைக்கோள் அலைமீது யாரோ வலுவான அலையை ஏற்றி, ஓய்வுநாளை நினைவுகூருங்கள், மனந்திரும்புங்கள் என்ற விவிலிய வாசகங்களைத் திரையில் வரவழைத்தார்கள். பின்னர் கிறித்தவ ஒளிபரப்பு வலையம் ஒன்றின் ஊழியர் இதற்காகத் தண்டிக்கப்பட்டார். இது குலைப்பு அல்ல. குலைப்பு, அலைக்குரியவர் தானே செய்வது. இது வெளியார் வந்து அமுக்கியது. ‘அலைநெரிப்பு’ என்று வைக்கலாமா?

அன்புடன்,
சென்னையிலிருந்து

——

ஐயாவுக்கு வணக்கம்.

கேபிள் தொழிலில் வெகுகாலம் இருந்தவன் என்ற முறையில் சில வரிகள். ‘கசிவு’ பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இணைப்பான் தளர்ந்தால் நாங்கள் ‘லீக்கேஜ்’ என்றுதான் சொல்வோம், அதைப் படத்தோடு சேர்த்துப் பேசவே மாட்டோம். குலைப்பு, குலைவுநீக்கி, அலைநெரிப்பு மூன்றும் எனக்குச் சம்மதம்.

பொசிவில்தான் ஒரு சின்ன மறுப்பு. படத்துக்கு அது மிகப் பொருத்தம். ஒலிக்கு எல்லா இடத்திலும் பொருந்தாது. துடிப்பை மட்டும் அமுக்கிய பல கேபிள் அமைப்புகளில் ஒலியை யாரும் தொடவே இல்லை. படம் கிழிந்து ஓடும்போது பேச்சும் முனகலும் தெள்ளத்தெளிவாகக் கேட்டுக்கொண்டிருக்கும். அது பொசிந்து வந்ததல்ல, திறந்தே கிடந்தது. வரவேற்பறையில் பிள்ளையோடு உட்கார்ந்து அலைவரிசை மாற்றிய பெற்றோருக்கு அதிர்ச்சி தந்தது பெரும்பாலும் இந்த ஒலியாகத்தான் இருந்திருக்கும். சட்டமும் படம், ஒலி என்று இரண்டையும் பெயர் சொல்லியே அடைக்கச் சொல்கிறது. அதனால் ‘படப் பொசிவு’, ‘திறந்த ஒலி’ என்று பிரித்து, இரண்டுக்கும் பொதுவாகக் ‘குறிகைப் பொசிவு’ வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

இன்னொரு பொருள் விட்டுப்போயிருக்கிறது. வீட்டுக்கு வரும் கம்பியில் பூட்டி, அந்த ஓர் அலைவரிசையை மட்டும் நிறுத்தும் சிறு உலோகக் குழல். 504-ஆம் பிரிவின்படி கேட்ட வீட்டை அடைப்பதற்கு அதையும் பயன்படுத்தினார்கள். ஆங்கிலப் பெயரை நேரே பெயர்த்துப் ‘பொறி’ என்றால் எலிப்பொறியாகிவிடும். ‘தடுப்பு வடிகட்டி’ என்று எழுதச் சொல்கிறேன்.

தங்கைக்கு ஒரு வேண்டுகோள்: பொசிவு முதல்முறை வரும் இடத்திலேயே விளக்கத்தைச் சேர்த்துவிடுங்கள். நான் எழுதிப் பார்த்தது இது, திருத்திக்கொள்ளலாம்:

‘குறிகைப் பொசிவு: குலைத்து அனுப்பிய கட்டண அலைவரிசையின் படமோ ஒலியோ இரண்டுமோ, சந்தா கட்டாத வீட்டின் தொலைக்காட்சியில் முழுமையாகவோ அரைகுறையாகவோ வெளிப்படுதல். எண்ணிம ஒளிபரப்பு வந்தபின் பெரும்பாலும் மறைந்தது.’

வணக்கத்துடன்,
கோயம்புத்தூர்