வகுப்பறை நூலகம்: வந்து குவிந்த புத்தகங்களை எப்படி அடுக்குவது?

இரண்டாம்வகுப்பு_மிஸ்:

வணக்கம். இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன், 32 பிள்ளைகள். பின்மூலையில் ஒரு சின்ன நூலகம் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். கதவு வைத்த இரும்பு பீரோ ஒன்றும், பெட்டி பெட்டியாக நன்கொடைப் புத்தகங்களும் வந்திருக்கின்றன. பிரித்தால் பாதிக்கு மேல் பொது அறிவுக் கையேடுகள், பழைய கலைக்களஞ்சியம், பெரியவர்கள் படிக்கும் நாவல்கள். கதைப் புத்தகம் ஒரு பெட்டிதான் தேறும்.

சில பிள்ளைகள் மடமடவென்று படிக்கிறார்கள். சிலர் ‘கொ’வுக்கும் ‘கெ’வுக்கும் நடுவில் நின்றுவிடுகிறார்கள். நிலைவாரியாகப் பிரித்து வைக்கவா? கிழித்துவிடுவார்கள், பூட்டி வையுங்கள் என்று பக்கத்து வகுப்பில் சொல்கிறார்கள். அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

பழைய_நூலகி:

குழந்தைகள் பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன். அடுக்குவதற்கு முன்னால் கழியுங்கள். இலவசமாக வந்ததாயிற்றே என்று தயங்க வேண்டாம். அந்தக் கலைக்களஞ்சியத்தில் சூரியக் குடும்பம் பக்கத்தைத் திறந்து பாருங்கள். புளூட்டோ ஒன்பதாவது கோளாக இருந்தால் அது 2006-க்கு முந்தைய சரக்கு. பிள்ளைகள் அதை நம்பிப் படித்துவிட்டு உங்களிடம்தான் சண்டைக்கு வருவார்கள்.

எத்தனை வேண்டும் என்று கேட்டால், சர்வதேச வாசிப்புச் சங்கம் ஒரு பிள்ளைக்கு 7 புத்தகம் என்று ஒரு கணக்குச் சொன்னது. உங்களுக்கு 224 ஆகிறது. அவ்வளவு சேரட்டும் என்று காத்திருக்காதீர்கள். இருக்கும் ஒரு பெட்டியில் பாதியை இப்போது வெளியே வையுங்கள், மீதியை ஒளித்து வையுங்கள். சில வாரம் கழித்து மாற்றினால் ‘புதுசு வந்திருக்கு மிஸ்’ என்று அவர்களே ஓடி வருவார்கள்.

அடுத்தது அந்த பீரோ. படப் புத்தகம் பெரும்பாலும் 16, 24, 32 பக்கம், நடுவில் ஸ்டேப்ளர் பின் அடித்தது. பெயர் அச்சிட அதற்கு முதுகே கிடையாது. நிற்க வைத்து அடுக்கினால் தாளின் ஓரம்தான் தெரியும், எந்தக் கதை என்று பெரியவர்களுக்கே புரியாது. அட்டை முன்னால் தெரிய வேண்டும். சுவரோரம் கயிறு கட்டித் தொங்கவிடலாம், அல்லது ஆழமில்லாத பிளாஸ்டிக் கூடைகளில் முகம் பார்த்து வைக்கலாம். பிள்ளை உட்கார்ந்தபடியே ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கிற உயரம் போதும். பீரோவில் அந்த ஒளித்து வைக்கும் பாதியைப் போடுங்கள்.

கூடைக்குப் பெயர் வைப்பதைப் பிள்ளைகளிடம் விடுங்கள். நான் பார்த்த ஒரு வகுப்பில் ‘விலங்குகள்’ என்று எழுதி ஒட்டியிருந்த கூடையிலிருந்து ஒரு பையன் முதலைக் கதையை எடுத்துப் பேய்க்கதைக் கூடையில் போட்டுக்கொண்டே இருந்தான். டீச்சர் திருப்பித் திருப்பி மாற்றுவார். கேட்டால், ‘இது பயமா இருக்கு, அங்கதான் தேடுவாங்க’ என்றான். ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர், வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்று நூலக அறிவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் எழுதிய விதிகளை அந்தப் பையன் படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் அவன் சொன்னது சரி. முதலை பேய்க் கூடையிலேயே இருக்கட்டும்.

வாசிப்பு_வாத்தியார்:

பெயர் வைப்பதெல்லாம் சரி, ஆனால் நிலை வேண்டாம் என்று மட்டும் யாரும் சொல்லிவிடாதீர்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளை பக்கம் நிறைய எழுத்துள்ள புத்தகத்தை எடுத்தால் இரண்டாம் பக்கத்தில் மூடி வைத்துவிடும். ஸ்டோரிவீவர் என்ற குழந்தைக் கதை இணையதளத்தில் தமிழ்க் கதைகளை நான்கு நிலையாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் நிலையில் 250 சொல்லுக்குள், திரும்பத் திரும்ப வரும் எளிய சொற்களாக இருக்கும். காசில்லாமல் இறக்கி அச்சிட்டுக்கொள்ளலாம். உங்களிடம் குறைவது அந்த வகைதான்.

பழைய_நூலகி:

நிலை உங்கள் நோட்டில் இருக்கட்டும் சார், அட்டையில் வேண்டாம். சிவப்பு ஸ்டிக்கர் என்றால் ‘மக்கு புத்தகம்’ என்று ஒரு வாரத்தில் பெயர் வந்துவிடும். ஐந்து விரலைச் சொல்லிக் கொடுங்கள். ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து படிக்க வேண்டும். தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்க வேண்டும். ஐந்தும் மடங்கினால் இப்போதைக்குக் கடினம், யாராவது படித்துக் காட்டட்டும். படத்துக்காகவே எடுக்கிறேன் என்றால் அதையும் விடுங்கள்.

தாளும்_பசையும்:

கிழிவதைப் பற்றி. கிழியும். அதற்காகப் பூட்டினால் புத்தகம் பத்திரமாக இருக்கும், படிக்கத்தான் ஆள் இருக்காது. ‘ஆஸ்பத்திரி’ என்று ஒரு டப்பா வையுங்கள். கிழிந்ததை மறைத்து வைக்காமல் அதில் போட வேண்டும், திட்டு கிடையாது. செல்லோடேப் மட்டும் ஒட்டாதீர்கள். நாளாக ஆகப் பழுத்துப் போகும், பசை கசிந்து பக்கத்துத் தாளோடு ஒட்டிக்கொள்ளும். வெள்ளைப் பசையைச் சின்ன பிரஷ்ஷில் தொட்டு, கிழிந்த ஓரத்தில் மெல்லிசாகத் தடவிச் சேர்த்து, மேலும் கீழும் மெழுகுத்தாள் வைத்து, இரவு முழுக்க கனம் ஏற்றி வையுங்கள். தடமே தெரியாது. பின் கழன்றிருந்தால் துருவைப் பார்த்துவிட்டு ஊசி நூலால் தைத்துவிடலாம்.

இரண்டாம்வகுப்பு_மிஸ்:

நன்றி. பீரோ கதவை இன்றே திறந்துவிட்டேன். இன்னும் இரண்டு சந்தேகம். வீட்டுக்குக் கொடுத்தால் யார் குறித்து வைப்பது? அப்புறம், புத்தகம் கொடுத்தவர் வந்து ‘என் கலைக்களஞ்சியம் எங்கே?’ என்று கேட்டால்?

பழைய_நூலகி:

ஒரு நோட்டு, பிள்ளைக்கு ஒரு பக்கம். அவர்களே புத்தகத்தின் பெயர் எழுதட்டும், திருப்பிக் கொடுத்ததும் அவர்களே கோடு போட்டு அடிக்கட்டும். வாரம் இரண்டு பேர் பொறுப்பு. எழுத வராத பிள்ளை அட்டைப் படத்தை வரையட்டும், உங்களுக்குப் புரியாவிட்டாலும் பொறுப்பாளருக்குப் புரியும்.

கொடுத்தவர் வந்தால் தாராளமாகக் காட்டலாம். யானை, எரிமலை, ரயில் என்று படம் உள்ள பக்கங்களை வெட்டி, அவர் பெயரை மேலே எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள். புளூட்டோவை மட்டும் விட்டுவிடுங்கள்.