கொல்லிமலை சைக்கிள் பயணம்: வழிக்குறிப்பும் வரைபடமும் தாளில் அச்சடிக்க வழி சொல்லுங்கள்

நாமக்கல் மிதிவண்டி:

வணக்கம். அடுத்த மாதம் நாமக்கல்லில் இருந்து சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி வழியாகக் கொல்லிமலைக்கு ஏழு பேர் சைக்கிளில் போகிறோம். அதில் ஒருவர் என் அப்பா. வயது 61. வைத்திருப்பது பட்டன் போன். தமிழ் மட்டும்தான் படிப்பார். சைக்கிளில் ஒயர் வைத்த சின்ன மீட்டர் ஒன்று மாட்டிக் கொடுத்திருக்கிறேன், அதைப் பார்த்து ஓட்டப் பழகிவிட்டார்.

போன தடவை எல்லோரும் போனை நம்பித்தான் போனோம். சேந்தமங்கலம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. ஈரத்தில் திரை விரலுக்கு மசியவில்லை. பின்னால் வந்த இருவர் காளப்பநாயக்கன்பட்டியில் வேறு ரோட்டில் திரும்பி ஆறு கிலோமீட்டர் போய்விட்டார்கள். மலைமேல் சிக்னலும் அறுந்து அறுந்துதான் வந்தது. அதனால் இந்தத் தடவை ஆளுக்கு ஒரு தாள் கையில் இருந்தாக வேண்டும்.

நானே முயன்று பார்த்தேன். போனில் வரைபடத்தைப் படம் பிடித்து ஏ4 தாளில் அச்சடித்தால் 70 கொண்டை ஊசி வளைவுகளும் நூல்கண்டு சிக்கியது போல் இருக்கின்றன. கறுப்பு வெள்ளையில் காடு, ரோடு எல்லாம் ஒரே சாம்பல். செயலி தானாக எழுதிக் கொடுத்த வழிக்குறிப்பில் ‘கூர்மையாக இடது, கூர்மையாக வலது’ என்று மலைக்கு மட்டும் ஒன்றரைப் பக்கம். அப்பாவுக்கு இதை எப்படிக் கொடுப்பது? நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள்?

பழைய பெடல்:

தம்பி, நான் பல வருடமாக எங்கள் குழுவுக்கு வழித்தாள் எழுதுகிறேன். 200 கிலோமீட்டர் பிரெவே, அதாவது நேரக் கெடு வைத்த நெடுந்தூர சைக்கிள் பயணம் என்றால் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். வழி தப்பி அரை மணி போனால் சாப்பாட்டு நேரம் போச்சு. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், முதலில் வழித்தாளை எழுதுங்கள், வரைபடம் அப்புறம். ஓட்டுகிறவர் குனிந்து பார்க்க ஒரு நொடிதான் கிடைக்கும். அந்த ஒரு நொடியில் வரைபடம் படிக்க முடியாது, ஒரு வரி படிக்கலாம்.

ஒரு வரியில் நாலு விஷயம் போதும்: புறப்பட்ட இடத்தில் இருந்து மொத்த தூரம், போன திருப்பத்தில் இருந்து எவ்வளவு, எந்தப் பக்கம், அங்கே கண்ணில் என்ன படும். நாலாவதுதான் உயிர். ‘வலது’ என்று மட்டும் எழுதினால் எந்த வலது என்று நின்று யோசிப்பார். ‘பேருந்து நிறுத்தம் தாண்டி, புளியமரத்தடி டீக்கடை எதிரே வலது’ என்றால் யோசிக்க மாட்டார். ரோட்டின் பெயரை எழுதாதீர்கள். நம் ஊரில் ரோட்டுப் பெயர்ப் பலகை எத்தனை இடத்தில் இருக்கிறது? கோயில், பள்ளிக்கூடம், தண்ணீர்த் தொட்டி, ரைஸ் மில் இவைதான் நிற்கும். திருப்பத்தைத் தாண்டிப் போய்விட்டால் எது தெரியும் என்பதையும் அடுத்த வரியில் போடுங்கள். ‘பாலம் வந்தால் தாண்டிவிட்டீர்கள், திரும்புங்கள்.’ பின்னால் தனியாக வருகிறவரை இந்த வரிதான் காப்பாற்றும்.

தூரம் ஒத்துவர அப்பா சைக்கிளின் மீட்டரில் சக்கரச் சுற்றளவு சரியாக இருக்க வேண்டும். 700x28 டயருக்கு ஏறக்குறைய 2136 மில்லிமீட்டர். பட்டியலைப் பார்த்துப் போடுவதைவிட அளந்து போடுங்கள். டயரில் சாக்பீஸால் ஒரு கோடு, தரையில் ஒரு கோடு. அப்பாவை ஏறி உட்காரச் சொல்லுங்கள், ஆள் எடையில் டயர் கொஞ்சம் அமுங்கும். கோடு மறுபடி தரையைத் தொடும்வரை நேராக உருட்டி, இடைவெளியை டேப்பில் அளங்கள். சுற்றளவு நூற்றுக்கு நாலு பங்கு பிசகினால் 50 கிலோமீட்டரில் இரண்டு கிலோமீட்டர் தள்ளிப்போகும். இதனால்தான் ‘போன திருப்பத்தில் இருந்து’ என்ற கணக்கை வைக்கிறேன். மொத்தம் பிசகினாலும் அந்தச் சின்ன தூரத்தில் பிசகு பெரிதாகத் தெரியாது.

மலைக்கு 70 வரி வேண்டாம். காரவள்ளிக்கு மேலே ஒரே ரோடு, திரும்ப இடமில்லை. அந்த இடத்தில் வழித்தாள் சொல்ல வேண்டியது இன்னும் எவ்வளவு ஏறணும் என்பதைத்தான். வளைவுக்கு வளைவு எண் போட்ட பலகை இருக்கிறது. 10, 20, 30 என்று ஏழு வரி எழுதுங்கள். எங்கே நிழல், எங்கே ஒதுங்கி நிற்க இடம் என்பதை ஒருமுறை போய்ப் பார்த்துச் சேருங்கள். யாருக்காவது முடியாமல் போனால் 108-க்குச் சொல்லவும் வளைவு எண்தான் உதவும்.

இன்னொன்று. திரும்பி வரும் வழிக்கு அதே தாளைக் கீழிருந்து மேலாகப் படிக்கச் சொல்லாதீர்கள். போகும்போது உங்கள் ரோட்டில் வந்து சேர்கிற கிளை ரோடு கண்ணிலேயே படாது. வரும்போது அதே இடம் கவையாகப் பிரிந்து நிற்கும். நாங்கள் வழி தவறியதெல்லாம் பெரும்பாலும் இப்படித்தான். திரும்பும் தாளைத் தனியாக, திரும்பி ஓட்டிப் பார்த்து எழுதுங்கள்.

சோளக்காட்டுக்காரன்:

நான் மேலேதான் இருக்கிறேன். பெரியவர் சொன்ன கவை இங்கேயும் உண்டு. திரும்பும் தாளில் முதலில் இதை எழுதுங்கள்: மலைமேல் செம்மேட்டில் குதிரைமேல் வல்வில் ஓரி சிலை இருக்கிறது, அங்கிருந்து சோளக்காடு வழியாகக் காரவள்ளிக்கு இறங்கும் ரோடு எது என்று கேட்டுவிட்டு இறங்குங்கள். முள்ளுக்குறிச்சி வழியாகவும் மலையை விட்டு இறங்கலாம். அது ராசிபுரம் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடும். இறக்கத்தில் வேகமாகப் போனவர் மறுபடி ஏறி வர மனசு வராது. காலையில் பனிமூட்டம் இறங்கினால் பலகை எண்கூடப் பக்கத்தில் போனால்தான் தெரியும். அப்பாவை நடுவில் விட்டு ஓட்டுங்கள்.

அச்சுக்கட்டு:

நான் டிடிபி வேலை செய்கிறேன். அச்சு பற்றி மட்டும் சொல்கிறேன்.

வழித்தாளைப் பிடிஎஃப் ஆக்கித்தான் ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோங்கள். வேர்டு கோப்பாகக் கொடுத்தால் அந்தக் கணினியில் உங்கள் தமிழ் எழுத்துரு இல்லாமல் கட்டம் கட்டமாக வரும், கொம்பும் காலும் இடம் மாறும். எழுத்து 16 பாயின்டுக்குக் குறைய வேண்டாம். 61 வயது, வெள்ளெழுத்து இருக்கும், தாளும் ஆடும். தூரத்தைத் தடித்த எழுத்தில் 20 பாயின்ட் வையுங்கள். லேசர் அச்சு எடுங்கள். இங்க்ஜெட் மை ஒரு சொட்டு வியர்வை பட்டாலே ஊறிவிடும்.

வரைபடத்துக்கு: பிரவுட்டர் (BRouter) தளத்தில் வழியை வரைந்து ஜிபிஎக்ஸ் (வழியைச் சேமிக்கும்) கோப்பாக எடுத்து, மைஓஎஸ்மேட்டிக் (MyOSMatic) தளத்தில் ஏற்றினால், பலர் சேர்ந்து உருவாக்கும் இலவச வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் இருந்து உங்கள் தாள் அளவுக்குப் பிடிஎஃப் கிடைக்கும். 1:50,000 அளவில் ஒரு கிலோமீட்டர் என்பது தாளில் 2 சென்டிமீட்டர். ஓரம் போக ஏ4-இல் 18-க்கு 27 சென்டிமீட்டர் கிடைக்கும், அதாவது 9-க்குப் பதின்மூன்றரைக் கிலோமீட்டர். சமவெளிக்கு 1:1,00,000 போதும், ஒரே தாளில் 27 கிலோமீட்டர் வந்துவிடும். மலைக்கு மட்டும் 1:50,000. அடுத்தடுத்த தாள்களில் இரண்டு சென்டிமீட்டர் ஒன்றன்மேல் ஒன்று வரும்படி விடுங்கள், இல்லாவிட்டால் திருப்பம் சரியாகத் தாள் ஓரத்தில் மாட்டும். கடையில் ‘தாளுக்குப் பொருத்து’ என்பதை எடுத்துவிட்டு நூறு சதவீதத்தில் அடிக்கச் சொல்லுங்கள். அது இருந்தால் அளவுகோல் பொய்யாகிவிடும்.

கறுப்பு வெள்ளைதான் என்றால் பின்புலத்தை வெளிறவைத்து, உங்கள் வழியைத் தடித்த கறுப்புக் கோடாக, இரு பக்கமும் வெள்ளை விளிம்போடு போடுங்கள். ஊர்ப் பெயர் ஆங்கிலத்தில் வந்தால் பத்துப் பெயரைத் தமிழில் நீங்களே மேலே எழுதிவிடலாம். லேமினேஷன் வேண்டாம், வெயிலில் பளபளக்கும், மடியாது. ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு, பைண்டர் கிளிப்பால் ஹேண்டில்பாரில் மாட்டுங்கள்.

நாமக்கல் மிதிவண்டி:

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் நானும் காரவள்ளிவரை போய் வந்தோம். பழைய பெடல் அண்ணா சொன்னபடி சக்கரத்தை அளந்தேன், நான் போட்டிருந்த எண்ணில் 70 மில்லிமீட்டர் பிசகு. அப்பாவை முன்னால் விட்டுவிட்டு நான் வாயைத் திறக்காமல் பின்னால் போனேன். இரண்டு இடத்தில் நின்றார். ஒன்றில் நான் டீக்கடை என்று எழுதியிருந்தேன், கடை அன்றைக்குப் பூட்டிக் கிடந்தது. அதை எடுத்துவிட்டுப் பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியைப் போட்டுவிட்டேன். இன்னொன்றில் ‘இடது’, ‘வலது’ என்ற சொல் ஓட்டத்தில் ஒன்றுபோலத் தெரிகிறது என்றார். இப்போது ஒவ்வொரு வரியிலும் பெரிய அம்புக்குறி. இடது அம்பு வரியின் இடது ஓரத்தில், வலது அம்பு வலது ஓரத்தில்.

திரும்பும் தாளை மஞ்சள் தாளில் அடிக்கச் சொல்லியிருக்கிறார் அப்பா. பையில் இரண்டும் ஒன்றாகக் கிடந்தாலும் மாறிப்போகாதாம். ஜெராக்ஸ் கடையில் இன்று ஏழு செட் கொடுத்திருக்கிறேன், கூடவே ஈரத்துக்கு மாற்றாக இரண்டு.