ஃப்ளூ ஊசி போடச் சொல்கிறார்கள், எங்கே போய்ப் போடுவது?

டெல்டா டீச்சர்:
ரொம்ப எரிச்சலில் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு 71 வயது. இருபது வருடச் சர்க்கரை, போதாததற்கு வீசிங். போன ஐப்பசி மழையில் ஃப்ளூ வந்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சீட்டின் அடியில் ‘ஃப்ளூ தடுப்பூசி, வருடம் ஒரு முறை’ என்று எழுதி இரண்டு கோடு போட்டார். சரி, இந்த வருடம் மழைக்கு முன்னால் போட்டுவிடலாம் என்று ஆவணியிலேயே கிளம்பினேன்.

புதன்கிழமை ஊசி நாளாயிற்றே என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால், கைக்குழந்தைக்காரிகள் வரிசையில் எழுபது வயது அம்மாவோடு நான். நர்ஸ் பாவம், சிரித்துவிட்டார். “அது நம்ம லிஸ்ட்லயே இல்லையே டீச்சர்.” அடுத்து பெரிய ஆஸ்பத்திரி. அங்கே ஸ்டாஃபுக்கு வந்ததே எல்லோருக்கும் பத்தவில்லையாம்.

கடைசியில் மருந்துக்கடை. 1,900 ரூபாய். பாலிதீன் பையில் இரண்டு ஐஸ் கட்டியோடு போட்டுக் கொடுத்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு கிளினிக் போனால், “வெளியே வாங்கின ஊசியை நான் போடமாட்டேன், வழியில் சூடாகியிருந்தால் யார் பொறுப்பு?” என்கிறார் டாக்டர். அவர் சொல்வதும் நியாயம்தான். கடையில் திருப்பிக் கொடுத்தால், ஃபிரிட்ஜை விட்டுப் போனது திரும்ப வராதாம். அதுவும் நியாயம்தான்! எல்லோரும் நியாயமாகப் பேசிப் பேசி, 1,900 ரூபாய் இப்போது என் வீட்டு ஃபிரிட்ஜில் இட்லி மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது.

முதியவர், சர்க்கரைக்காரர், கர்ப்பிணி எல்லோரும் போட்டுக்கொள்வது நல்லது என்று மத்திய அரசின் வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. போடு என்று சொல்கிறவர்கள் கொடுக்க வேண்டாமா? முதியோர் உதவித்தொகையை 2023இல் உயர்த்தியதே மாதம் 1,200 ரூபாய்க்குத்தான். 2023 மார்ச்சில் எச்3என்2 என்ற ஃப்ளூ வகை பரவியபோது ஒரே நாளில் ஆயிரம் இடத்தில் காய்ச்சல் முகாம் போட்டார்கள், நல்ல காரியம். ஆனால் அது காய்ச்சல் வந்த பிறகு.

என் கேள்வி இரண்டு. ஃபிரிட்ஜில் இருப்பதை இன்னும் போடலாமா? இது ஏன் அரசுப் பட்டியலில் இல்லை?

பழைய நர்ஸம்மா:
34 வருடம் கிராம சுகாதார செவிலியராக இருந்தவள். முதல் கேள்விக்குப் பதில், போடாதீர்கள். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து அது. ஐஸ் கட்டி நேராக ஒட்டி உறைந்திருந்தாலும் கெட்டதுதான். சூடு மட்டும் எதிரி என்று நினைக்கிறார்கள். நாங்கள் பெட்டியில் தெர்மாமீட்டர் வைத்து, காலையும் மாலையும் நோட்டில் எழுதுவோம்.

இரண்டாவது. அரசு அட்டவணை குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் வைத்துப் போட்டது. ஃப்ளூ ஊசி வருடா வருடம் கலவை மாறும், மிஞ்சினது அடுத்த வருடம் குப்பை. அதற்குப் பயந்தே வாங்கமாட்டார்கள் என்பது என் எண்ணம்.

நீங்கள் திட்டுவது சரிதான், ஆனால் எங்கள் பக்கத்துக் கதையும் உண்டு. 2009 பன்றிக் காய்ச்சலுக்குப் பிறகு (அதுவும் ஒரு ஃப்ளூதான்), சுகாதார ஊழியர்களுக்கென்று 15 லட்சம் டோஸ் தடுப்பூசி வெளிநாட்டிலிருந்து வாங்கினார்கள். ஊசியைப் பற்றி என்னென்னவோ புரளி. போடுகிற அன்று எங்களில் பாதிப் பேர் லீவு. நானும்தான். ஊருக்கெல்லாம் ஊசி போட்ட கை, இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. நம் நாட்டுத் தயாரிப்பு 2010 ஜூன், ஜூலையில் கடைக்கு வந்தது. ஆகஸ்ட் 10ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் பெருந்தொற்று முடிந்தது என்று அறிவித்துவிட்டது.

மாத்திரைக்கடை:
ஊசி விற்கிறவன் என்ற முறையில் ஒன்று. நான் பத்து வாங்கினால் நாலு போகும், மீதி காலாவதி. அதனால் பல கடையில் ஸ்டாக்கே வைப்பதில்லை.

டீச்சர், அட்டையில் எந்த வருடக் கலவை, பூமியின் வடக்கு அரைக்கோளத்துக்கானதா தெற்குக்கானதா என்று பார்த்தீர்களா? வடக்குக்கான கலவையைப் பிப்ரவரியில் முடிவு செய்வார்கள், தெற்குக்குச் செப்டம்பரில். நம் ஊரில் ஃப்ளூ ஏறுவது பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையோடு. ஆவணியில் கடையில் கிடைப்பது பழைய சரக்காக இருக்கலாம். புதிய வடக்குச் சரக்கு வந்ததும் போட்டால் உத்தமம். வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும், அதனால் தீபாவளி வரை தள்ளாதீர்கள். இதை ஒரு நோட்டீஸ் அடித்து ஒட்டினால்கூடப் போதும், ஒருத்தரும் செய்வதில்லை.

ஸ்காபரோ தம்பி:
அக்கா, நான் கனடாவில் இருக்கிறன். எங்கட ஒன்ராறியோ மாகாணத்தில 2000ஆம் ஆண்டிலிருந்து எல்லாருக்கும் இலவசம். இப்ப பார்மசிக்குப் போனால் ஐந்து நிமிடம். ஆனால் 2009 ஒக்டோபரில பன்றிக் காய்ச்சல் ஊசிக்குப் பட்ட பாடு வேற. குளிருக்க மணிக்கணக்கா வரிசை. மனிசி அப்ப ஆறு மாதம். கர்ப்பிணிகளுக்கு வேற வகை ஊசி வருகுது, பொறுங்கோ எண்டினம், பிறகு இருக்கிறதையே போடலாம் எண்டினம். அந்த நேரம் பார்த்து கல்கரியில ஹொக்கி அணிக்காரருக்கு வரிசையில்லாமல் போட்டது வெளிய வந்திட்டுது. சனம் கொதிச்சுப் போச்சுது. இலவசம் எண்டாலும் ஒழுங்கு வேணும், அதுதான் சொல்ல வந்தனான்.

டெல்டா டீச்சர்:
எல்லோருக்கும் நன்றி. கடைக்கார அண்ணன் சொன்ன பிறகு அட்டையை எடுத்துப் பார்த்தேன். போன வருடக் கலவை, இன்னும் மூன்று வாரத்தில் காலாவதி! இட்லி மாவின் பக்கத்து இடம் காலியாகிவிட்டது.

பக்கத்து டவுனில் குழந்தை டாக்டர் ஒருவர் சொந்த ஃபிரிட்ஜில் வைத்துப் போடுகிறார். புதுச் சரக்கு வந்ததும் கூப்பிட்டார், போட்டாயிற்று, 2,200. மொத்தம் 4,100. அம்மாவிடம் முந்நூறு என்று சொல்லியிருக்கிறேன். அதற்கே “கை வலிக்கு முந்நூறா” என்றாள்.

நர்ஸம்மா, நீங்கள் லீவு போட்டதை எழுதினீர்களே, அதைப் படித்ததும் கோபம் பாதி இறங்கியது. மீதிப் பாதியை முதல்வர் தனிப்பிரிவுக்கு மனுவாக எழுதிப் போட்டேன். துறைக்கு அனுப்பப்பட்டது என்று ஒரு எண் வந்திருக்கிறது. யாராவது இதே விஷயத்துக்கு முன்பு மனுப் போட்டிருந்தால், என்ன பதில் வந்தது என்று இங்கே எழுதுங்கள்.