லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம்: ஒரே நாளில் எதைப் பார்ப்பது?

வணக்கம். அடுத்த மாதம் குடும்பத்தோடு லண்டன் போகிறோம். சவுத் கென்சிங்டனில் இருக்கும் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள்தான் ஒதுக்க முடியும். நுழைவு இலவசம், சரி. உள்ளே எங்கிருந்து தொடங்குவது? 8 வயது மகளுக்கு டைனோசர் இருந்தால் போதும். எனக்கோ, நடுமண்டபத்தில் தொங்கும் 25 மீட்டர் நீளத் திமிங்கில எலும்புக்கூட்டின் கீழே கொஞ்ச நேரம் நின்றாலே போதும். 1881-இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடமே ஒரு காட்சிப்பொருள்தான்: கிழக்குப் பக்கச் சுவர்களில் அழிந்துபோன உயிரினங்கள், மேற்கில் இன்றும் வாழ்பவை என்று சுடுமண் சிற்பங்களைப் பிரித்துப் பதித்திருக்கிறார்கள். இவற்றை நிதானமாகப் பார்க்க எந்த நேரத்தில் கூட்டம் குறைவு? அப்புறம், குழந்தையோடு போய் வந்தவர்கள் எந்தக் கூடத்தைத் தயங்காமல் விட்டுவிடலாம் என்றும் சொல்லுங்களேன்.