எலுமிச்சை மூணாவது தடவையும் போச்சு, அதே இடத்துல என்ன வைக்கலாம்? (அவசரம்)

புதுமனை, இரவு 8:50
வணக்கம். எலுமிச்சைக் கன்னு மூணாவது தடவையும் போயிடுச்சு. இலை மஞ்சளாகி, நுனி கருகி, கடைசியில குச்சிதான் மிஞ்சுது. நாளைக்குக் காலைல நர்சரி வண்டி எங்க தெருவுக்கு வருது. அதே இடத்துல சப்போட்டா, கொய்யா, மாதுளை, இதுல எது வைக்கலாம்? காம்பவுண்ட் ஓரமா அழகுக்கு இட்லிப்பூ வரிசையா வைக்கணும்னு வீட்ல ஆசைப்படறாங்க. சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ்.

மொட்டைமாடி, 8:58
எந்த ஊர்? எவ்வளவு இடம்? வெயில் எத்தனை மணி நேரம் விழும்? தண்ணி போரா, கார்ப்பரேஷனா?

நாட்டுமாடு, 9:03
எலுமிச்சையைக் கைவிடாதீங்க. பஞ்சகவ்யம் 10 லிட்டர் தண்ணிக்கு 300 மில்லி, 15 நாளைக்கு ஒருக்கா இலையில அடிங்க, வேர்லயும் ஊத்துங்க. பச்சை திரும்பும்.

செடிப்பிரியை, 9:06
எப்சம் உப்பு ஒரு ஸ்பூன் போடுங்க. மஞ்சள்னா மெக்னீசியம் குறைவுதான்.

அடியுரம், 9:15
மஞ்சள்னா மெக்னீசியம், கருகினா பொட்டாஷ் என்று மனப்பாடமாகச் சொல்வது இங்கே வாரம் ஒருமுறை நடக்கிறது. மெக்னீசியம் குறைந்தால் மஞ்சள் முதலில் அடி இலையில் வரும், கொழுந்து பச்சையாகவே இருக்கும். கொழுந்து வெளுத்து நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறைவு. கேள்வி கேட்டவர் எந்த இலை என்றே சொல்லவில்லை, அதற்குள் இரண்டு மருந்து வந்துவிட்டது. கேட்கிறவர்களும் கொஞ்சம் யோசித்துக் கேட்டால் நல்லது.

புதுமனை, 9:31
சாரி. அவிநாசி பக்கம். வீட்டுக்கும் காம்பவுண்டுக்கும் நடுவுல நாலரை அடி, நீளம் 22 அடி. மேற்கு வெயில். கொழுந்துதான் மஞ்சள், நரம்பு பச்சையா இருக்கும். போர் தண்ணி.

ஒட்டுக்கட்டு, 9:38
நாலரை அடியில சப்போட்டா வேண்டாம். தோப்புல அதுக்கு மரத்துக்கு மரம் 25 அடி விடுவாங்க. சின்ன இடத்துக்குப் பி.கே.எம். 1-னு ஒரு ரகம் விக்கிறாங்க, படர்வது குறைவுதான், ஆனாலும் நாலரை அடி பத்தாது. அப்புறம் வண்டிக்காரர்கிட்ட வெறுமனே "பி.கே.எம். 1" கேட்காதீங்க. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட முருங்கை, சப்போட்டா, எலுமிச்சை, தக்காளி எல்லாத்துக்கும் அதே பேர்தான்.

செப்டிக் டேங்க், சம்ப் எந்தப் பக்கம்? அதையும் சொல்லுங்க.

மொட்டைமாடி, 9:44
புது வீடா? காம்பவுண்ட் ஓரத்துல கட்டட இடிசல் போட்டு மூடியிருக்காங்களா?

புதுமனை, 9:52
ஆமா, வீடு கட்டி ரெண்டு வருஷம். செங்கல் துண்டு, சிமெண்ட் எல்லாம் அங்கதான் கொட்டி மேல ஒரு அடி செம்மண் போட்டாங்க. செப்டிக் டேங்க் பின்னாடி, எதிர்ப்பக்கம். தண்ணி வீணாக வேண்டாம்னு ஆர்.ஓ. மெஷின் கழிவுத் தண்ணியைத்தான் தினமும் எலுமிச்சைக்கு விடறோம்.

மொட்டைமாடி, 9:54
இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே!

அடியுரம், 10:10
ஒரு மணி நேரம் கழித்து வியாதியின் பெயர் கிடைத்தது. ஆர்.ஓ. கழிவுநீர் என்பது போர் தண்ணீரின் உப்பையெல்லாம் ஒரு பங்கில் திரட்டிக் கொடுப்பது. இரண்டு லிட்டர் உள்ளே போய் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் வந்தால், மீதி ஒரு லிட்டரில் உப்பு ஏறத்தாழ இரட்டிப்பு. இலை நுனி கருகுவது அதனால். அதைத் தரை கழுவப் பயன்படுத்துங்கள்.

மஞ்சளுக்குக் காரணம் சுண்ணாம்பு. உங்கள் பக்கத்தில் பல இடங்களில் இயற்கையாகவே சுக்கான் மண் (சுண்ணாம்புக் கல் கலந்த மண்), அதோடு சிமெண்ட் இடிசல். மண்ணில் இரும்பு இருந்தாலும் கார அமில நிலை (பி.எச்.) 8-ஐத் தாண்டினால் வேருக்குக் கிடைக்காது. ஒரு கரண்டி காய்ந்த மண்ணில் வினிகர் விட்டுப் பாருங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு.

கரிசல்காடு, 10:18
ஜிப்சம் ரெண்டு கிலோ போட்டா சரியாயிடுமே?

அடியுரம், 10:25
ஆகாது. ஜிப்சம் சோடியம் ஏறிய களர் மண்ணுக்கு. அதுவே கால்சியம்தான், சுண்ணாம்பு மண்ணின் காரத்தன்மையை அது இறக்காது. கந்தகம் இறக்கும், ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 அடி குழியில் சுமார் 1 டன் மண். அதில் 5 சதவீதம் சுண்ணாம்பு என்றாலே 50 கிலோ. அதைக் கரைக்கவே 16 கிலோ கந்தகம் வேண்டும். குழி மண்ணை மாற்றுவது மலிவு.

செடிப்பிரியை, 10:29
அப்போ அன்னபேதி (இரும்பு சல்பேட்) போடலாமா?

அடியுரம், 10:36
மண்ணில் போட்டால் அன்றைக்கே துருவாகிவிடும். இலையில் தெளிக்கலாம். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி, 1 கிராம் சிட்ரிக் அமிலம், மாலை வேளையில், 15 நாள் இடைவெளியில் மூன்று முறை. மண்ணில்தான் போடுவேன் என்றால் கடையில் "இ.டி.டி.எச்.ஏ." இரும்பு என்று கேளுங்கள், அது இந்த மண்ணிலும் வேருக்குக் கிடைக்கும். விலை குறைவான இ.டி.டி.ஏ. இந்த மண்ணில் நிற்காது.

பனைவெல்லம், 10:41
எதுக்குப் போராட்டம்? முருங்கை வைங்க. அந்தத் தண்ணிக்கும் வரும்.

மேலத்தெரு, 10:44
வீட்டு முன்னாடி முருங்கை ஆகாது.

பனைவெல்லம், 10:46
ஆகாதுன்னா ஏன்னு சொல்லுங்க. இதெல்லாம் மூடநம்பிக்கை.

மேலத்தெரு, 10:52
காரணமாத்தான் சொன்னாங்க. கிளை லேசா ஏறினாலே முறியும். மழைக்காலத்துல கம்பளிப்பூச்சி அடிமரத்துல அடை அடையா உக்காரும், அங்கிருந்து சுவர் வழியா ஜன்னலுக்கு வரும். மேல பட்டா ரெண்டு நாள் அரிப்பு.

பனைவெல்லம், 10:57
இடுப்பு உயரத்துல வெட்டிவிடாம வளர்த்தா அப்படித்தான். ஒடிச்சு வளர்க்கணும்னு சொல்றதே அதுக்குத்தானே. பகல்ல பூச்சி கும்பலா இருக்கும்போது துணிப்பந்தம் காட்டினா தீர்ந்துது.

மேலத்தெரு, 10:59
பெயிண்ட் அடிச்ச சுவர்கிட்ட நாலரை அடி சந்துல பந்தம் காட்டச் சொல்றீங்க. நல்லது.

ஒட்டுக்கட்டு, 11:08
முருங்கைச் சண்டையைத் தனியா வெச்சுக்குங்க, பாவம் அவருக்குக் காலைல வண்டி.

புதுமனை, மாதுளை ஒண்ணு, கொய்யா ஒண்ணு போதும். மாதுளை சுண்ணாம்பும் ஓரளவு உப்பும் தாங்கும். பதியம் போட்ட பகவா ரகம் கேளுங்க. அதுக்குத் தண்ணி ஒரே அளவா போகணும், காயவிட்டுத் திடீர்னு நிறைய விட்டா பழம் வெடிக்கும். கொய்யால லக்னோ 49 ரகம். கொஞ்சம் மஞ்சள் காட்டும், ஆனா சாகாது. புதுத் தளிர்லதான் பூக்கும்ங்கறதால வருஷா வருஷம் கவாத்து பண்ணி 7 அடிக்குள்ள வெச்சுக்கலாம்.

கொய்யா வாங்கும்போது பையை ஒரு ஓரம் கிழிச்சு வேரைப் பாருங்க. மணி மணியா முடிச்சு இருந்தா நூற்புழு, வாங்காதீங்க. ஒரு தடவை மண்ணுல ஏறிட்டா இறங்காது.

குழி 2 அடிக்கு 2 அடி, ஆழம் இடிசல் தீரும் வரைக்கும். வெளியிலிருந்து செம்மண், மக்கின தொழு உரம் 10 கிலோ, வேப்பம் புண்ணாக்கு 1 கிலோ. மூடறதுக்கு முன்னாடி குழியில தண்ணி நிரப்பி வடியவிட்டு, ரெண்டாவது தடவை நிரப்பிப் பாருங்க. மணிக்கு ஒரு இஞ்சாவது இறங்கணும். ரெண்டு செடிக்கும் நடுவுல 10 அடி. சுவரை ஒட்டி வைக்காதீங்க.

இட்லிப்பூ வேண்டவே வேண்டாம். எலுமிச்சைக்கு வந்த அதே மஞ்சள் அதுக்கும் வரும். நந்தியாவட்டை வைங்க, இல்ல காகிதப்பூ. காகிதப்பூவுக்குத் தண்ணியைக் குறைச்சாத்தான் பூ. அரளி நல்லா வரும், ஆனா இலை, பூ, காய் எல்லாமே விஷம். சின்னக் குழந்தை இருந்தா தவிர்த்துடுங்க.

நாட்டுமாடு, 11:15
பஞ்சகவ்யத்தை யாரும் முயற்சி பண்ணிப் பார்க்கறதே இல்ல.

புதுமனை, மறுநாள் பகல் 1:20
நன்றி எல்லாருக்கும். வினிகர் விட்டேன், சோடா மாதிரி பொங்குது. ஆர்.ஓ. குழாயைத் திருப்பியாச்சு. மாதுளை 1, கொய்யா 1 எடுத்தேன். இட்லிப்பூவும் 4 வாங்கிட்டாங்க வீட்ல, நான் சொல்றதுக்குள்ள.

ஒட்டுக்கட்டு, 1:42
இட்லிப்பூவைத் தரையில வைக்காதீங்க. 14 இஞ்ச் தொட்டி, கழுவின தேங்காய்நார்க் கழிவு ஒரு பங்கு, செம்மண் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு. முடிஞ்ச வரைக்கும் மழைத்தண்ணி, இல்லேன்னா ஆர்.ஓ. நல்ல தண்ணி. அந்தத் தொட்டியை வெள்ளையடிக்கிற சுவர் பக்கம் வைக்காதீங்க.

கொய்யா வேரைப் பார்த்தீங்களா?

ஒட்டுக்கட்டு, இரண்டு நாள் கழித்து
புதுமனை? பை கிழிச்சுப் பார்த்தீங்களா?