ரப்பர் சவ்வு உப்பும் சோதனை: புதுப்பிப்பு

போன மாதம் தஞ்சாவூரிலிருந்து ஒரு கேள்வி போட்டிருந்தேன். உள்ளே ஒரே திசையில் நூல் ஓடும் ரப்பர் தாளை வட்ட வளையத்தில் இறுக்கிக் காற்றடித்தேன். நடுவில் பேனாவால் வரைந்த வட்டம் நூலுக்குக் குறுக்காக நீண்டு முட்டை வடிவானது. என் நியோ-ஹூக்கியன் (ரப்பர் இழுபடுவதைச் சொல்லும் எளிய மாதிரி) கணக்கோ வட்டம் வட்டமாகவே இருக்கும் என்றது. ஏன்?

தப்பு என்னுடையதுதான். அந்த மாதிரிக்குத் திசையே தெரியாது. ஆற்றல் சார்பில் (இழுபடும் ரப்பரில் சேரும் ஆற்றலைத் தரும் சூத்திரம்) நூல் திசை நீட்சியின், அதாவது இழுத்த நீளத்தைப் பழைய நீளத்தால் வகுத்த எண்ணின், வர்க்கத்தைச் சார்ந்த தனி உறுப்பைச் சேர்த்தேன். தமனிச் சுவருக்காக ஹோல்சாப்ஃபெல், காசர், ஆக்டன் என்ற ஆய்வாளர்கள் 2000-ல் தந்த அடுக்குக்குறி வடிவம் இங்கேயும் பொருந்துகிறது. நூல் ரப்பருக்குள் நெளிந்து கிடக்கிறது. நிமிரும்வரை மெத்தென்று இருக்கும், அப்புறம் சட்டென்று இறுகும்.

ஒன்றில் மட்டும் ரெண்டு நாள் போனது. நூலுக்குக் குறுக்காக இழுத்த பட்டையில் நூல் திசை சுருங்கும், ஆனால் கணக்கு ஏகத்துக்கு விறைப்பு காட்டியது. நூல் மாட்டைக் கட்டின கயிறு மாதிரி: இறுகினால்தான் வேலை, தளர்ந்தால் சும்மா கிடக்கும். நீட்சி 1-க்குக் கீழே போனால் அந்த உறுப்பைப் பூஜ்யமாக்கியதும் சரியாகிவிட்டது.

முதல் முறை உப்பும்போது வரும் அழுத்தம் மறுமுறை வரவில்லை. அது முல்லின்ஸ் விளைவு, ஒருமுறை இழுபட்ட ரப்பர் இளகிவிடும். அதனால் நாலைந்து தடவை உப்பவிட்டு அப்புறம்தான் அளக்கிறேன். வளைய விளிம்பில் தாள் வழுக்குவது இன்னும் தீரவில்லை. கும்பகோணத்தில் ஒரு லேத் பட்டறையில் பள்ளம் வெட்டிய வளையம் சொல்லியிருக்கிறேன்.