தொத்தோவும் நாங்களும்: பார்த்தவர்கள் பகிர்ந்தவை

பலெர்மோவிலிருந்து:

எனக்கு ஊர் யாழ்ப்பாணம். இங்கே வயோதிபர்களைப் பராமரிக்கும் வேலை. முன்பு நான் பார்த்துக்கொண்ட அம்மாவுக்கு மதியச் சாப்பாடும் மருந்தும் முடிந்தால் தொலைக்காட்சியில் இத்தாலியின் பழைய நகைச்சுவை நடிகர் தொத்தோ வந்தாக வேண்டும். எனக்கு அப்போது இத்தாலி மொழி கடைக்குப் போய்வரும் அளவுக்குத்தான். ஆனால் அந்த மனிதரைப் புரிந்துகொள்ள அதுவே அதிகம். ஒரு பக்கம் கோணிய தாடை, நெற்றிக்கு ஏறும் புருவம், உடம்பை விட்டுவிட்டுத் தனியே முன்னால் வந்து எட்டிப் பார்க்கும் கழுத்து.

1954இல் வந்த ‘மிசேரியா எ நோபில்தா’ படத்தில் ஒரு காட்சி. அடகு வைக்கக்கூட எதுவும் மிஞ்சாத இரண்டு குடும்பங்கள் ஒரே வீட்டில் பட்டினி கிடக்கின்றன. திடீரென்று ஆட்கள் வந்து மேசை போட்டு உணவை அடுக்கிவிட்டுப் போகிறார்கள். ஒருவரும் பாய்வதில்லை. மானம் இருக்கிறதே! உட்கார்ந்த நாற்காலியோடு ஒவ்வொருவராக மெல்ல மெல்ல மேசையை நோக்கி நகர்கிறார்கள். பிறகு எல்லாரும் ஒன்றாகச் சாப்பாட்டின்மேல் விழுகிறார்கள். தொத்தோ மேசைமேல் ஏறி நின்று, இரண்டு கையாலும் ஸ்பகெத்தியை அள்ளி வாயில் போடுகிறார், மிச்சத்தைக் கோட்டுப் பையில் திணிக்கிறார். வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருக்கும் அம்மா இந்த இடம் வந்ததும் அடங்கிவிடுவார். 1943இல் பலெர்மோமீது குண்டு விழுந்தபோது அவர் சிறுமி. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய்க்கும் மாவுக்கும் வரிசையில் நின்று வளர்ந்தவள் நான். அந்தப் பை எதற்கு என்று இருவருக்குமே தெரியும்.

இந்த ஊருக்கும் அவருக்கும் ஒரு கெட்ட நாள் கணக்கு உண்டு. 1957 மே மாதம், பொலித்தேயாமா அரங்கில் அவருடைய ‘எ பிரெஷிந்தரே’ நிகழ்ச்சி. இடது கண் 1938லேயே போய்விட்டது. வலக்கண்ணை நம்பித்தான் மேடை ஏறிக்கொண்டிருந்தார். நடித்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கண்ணும் இருண்டது. உடன் நடித்த துணைவி பிராங்கா பல்தீனியின் அருகே போய், தனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று காதோடு சொல்லிவிட்டு, வேகத்தைக் கூட்டிக் காட்சியை முடித்தார். எதிரே இருந்தவர்கள் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். அதன்பின் அவர் நாடக மேடைக்குத் திரும்பவே இல்லை. பார்வை பிறகு கொஞ்சம் மீண்டது, ஓரங்கள் மட்டும் தெரியும் அளவுக்கு. அந்த நிலையில் பத்தாண்டு சினிமா! படப்பிடிப்புத் தளத்துக்குக் கறுப்புக் கண்ணாடியோடு கைத்தாங்கலாக வருவாராம். விளக்கு எரிந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எதிலும் முட்டாமல் துள்ளுவார். திரையைப் பார்த்து வாயசைவுக்குக் குரல் கொடுப்பது இயலாமல் போனதால் சில இடங்களில் கார்லோ குரோக்கோலோ என்ற நடிகர் அவர் குரலில் பேசியிருக்கிறார்.

அந்த அரங்கைத் தாண்டித்தான் நான் தினமும் பஸ்ஸில் போகிறேன்.

நேப்பிள்ஸிலிருந்து:

அக்கா சொன்ன பசியின் ஊற்று இங்கே இருக்கிறது. நான் கப்பல்காரன், தூத்துக்குடி. கப்பல் பழுதுபார்க்க நின்ற நாட்களில் சனித்தா வட்டாரத்துக்குப் போனேன். குறுகிய தெரு, மேலே கயிற்றில் துணி, கீழே ஸ்கூட்டர். சாந்தா மரியா அந்தேசேக்குலா தெருவில் 109ஆம் எண் வீடு. 1898 பிப்ரவரி 15இல் அங்கே பிறந்தபோது அவர் பெயர் அந்தோனியோ கிளெமெந்தே. அது தாயின் குடும்பப் பெயர். தந்தை, மார்க்கி என்ற பிரபுப் பட்டம் உள்ள குடும்பத்துப் பிள்ளை. அவர் பெயர் மகனுக்கு வந்து சேர வெகுகாலம் ஆனது. கோணல் முகம் பிறவியில் வந்ததில்லை. பள்ளியில் ஆசிரியர் ஒருவரோடு விளையாட்டாகக் குத்துச்சண்டை போட்டபோது விழுந்த அடி.

அப்பா பெயர் இல்லாமல் வளர்ந்த பையன் பிறகு என்ன செய்தார் பாருங்கள். 1933இல் வயதான ஒரு மார்க்கிக்குத் தத்துப்பிள்ளை ஆனார். அப்புறம் நேப்பிள்ஸ் நீதிமன்றம்வரை போய், பைசாந்தியப் பேரரசர்கள்வரை நீளும் பட்டங்களைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். முழுப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் காப்பி ஆறிவிடும். அதே மனிதர்தான் ‘ஆ லிவெல்லா’ என்ற கவிதையை நேப்பிள்ஸ் மொழியில் எழுதினார். கல்லறையில் ஒரு மார்க்கியும் பக்கத்தில் புதைக்கப்பட்ட தெருக்கூட்டுபவனும் சண்டை போடுகிறார்கள். ஜெயிப்பது தெருக்கூட்டுபவன். இதில் முரண் இருப்பதாகச் சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பட்டம் என்றால் என்னவென்று விலை கொடுத்துத் தெரிந்துகொண்டவர் எழுதியது அது.

பாட்டு எழுதும் கையும் அவருக்கு இருந்தது. 1951இல் எழுதிய ‘மாலஃபெம்மெனா’வைப் பாடாத நேப்பிள்ஸ் பாடகர் கிடையாது. அது நடிகை சில்வானா பம்பனீனிக்காக எழுதியது என்று ஊரில் ஒரு பேச்சு. இல்லை, பிரிந்து போன என் அம்மா தியானாவுக்காக என்று மகள் லிலியானா சொல்லிவந்தார். மகளின் பெயரிலும் ஒரு கதை உண்டு. லிலியானா கஸ்தாஞ்ஞோலா என்ற பாடகி, தொத்தோ தன்னை விட்டுப் போகிறார் என்று 1930இல் தூக்க மாத்திரை விழுங்கி இறந்தார். அவரைத் தன் குடும்பக் கல்லறையிலேயே அடக்கம் செய்தார் தொத்தோ. மூன்று ஆண்டு கழித்துப் பிறந்த மகளுக்கு அந்தப் பெயர். பியாந்தோ கல்லறைத் தோட்டத்தில் தொத்தோவும் அந்தப் பாடகியும் ஒரே கூரையின்கீழ் இருக்கிறார்கள். நான் போனபோது வாசலில் மடித்த காகிதங்கள் கிடந்தன. எழுதிப் போட்டது யாரோ.

1967 ஏப்ரல் 15இல் ரோமில் இறந்தார். எளிய அடக்கம் போதும் என்று சொல்லியிருந்தவருக்கு மூன்று இறுதிச் சடங்குகள்: ரோமில் ஒன்று, நேப்பிள்ஸின் கார்மினே பேராலயத்தில் பெருங்கூட்டத்தோடு ஒன்று. சனித்தாக்காரர்களுக்கு அதுவும் போதவில்லை. ஒரு மாதம் கழித்து வெற்றுப் பெட்டியை வைத்துத் தங்கள் ஆலயத்தில் மூன்றாவதை நடத்தினார்கள், அதற்கும் அழுதார்கள்.

பொலோஞ்ஞாவிலிருந்து:

கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன், கோபிக்க வேண்டாம். முப்பது ஆண்டில் 97 படங்கள். அவற்றில் பாதி, அவர் பெயரைத் தலைப்பில் ஒட்டிவிட்டு அவசர அவசரமாக எடுத்துத் தள்ளியவை. அந்தக் கால விமர்சகர்கள் அவரை மதிக்கவில்லை என்று இப்போது எல்லாரும் கண்ணீர் வடிக்கிறார்கள். அந்தக் கதைகளைப் பார்த்தால் விமர்சகர்கள்மேல் எனக்கு இரக்கம் வருகிறது.

ஆனால் கோடைக்காலத் திறந்தவெளித் திரையிடலில் ‘இ சோலித்தி இஞ்ஞோத்தி’ பார்த்தேன். மோனிச்செல்லி இயக்கியது, 1958. பெட்டகம் உடைப்பதில் ஓய்வுபெற்ற நிபுணராகச் சிறிது நேரமே வருகிறார். துணி காயும் மொட்டைமாடியில் கத்துக்குட்டித் திருடர்களுக்கு வகுப்பு. பேராசிரியரின் பொறுமை, பேராசிரியரின் சலிப்பு. பாடம் சொல்வார், கருவியை வாடகைக்குக் கொடுப்பார், கூட வரமாட்டார். கண் போன அடுத்த ஆண்டு இது என்று அக்கா எழுதியதைப் படித்துத்தான் கணக்குப் போட்டேன். இயக்குநர் பசோலினியின் 1966ஆம் ஆண்டுப் படத்துக்காகக் கான் விழாவில் அவருக்குச் சிறப்புப் பாராட்டு கிடைத்தது. அதே பசோலினியின் குறும்படத்தில் முகத்தில் பச்சை பூசிய பொம்மையாக, ஷேக்ஸ்பியரின் ‘ஒதெல்லோ’வில் வரும் வில்லன் இயாகோவாக, கடைசியாக நடித்தார். புதிதாகப் பார்ப்பவர்கள் பசோலினியிலிருந்து தொடங்கலாம் என்பது என் கட்சி.

மறுபடி பலெர்மோ:

தம்பி, வேண்டாம். பசோலினியில் அவர் ஏற்கெனவே களைத்துப் போனவர். ‘குவார்தியே எ லாத்ரி’ பாருங்கள், 1951. திருடனாகத் தொத்தோ, துரத்தும் பருத்த போலீஸ்காரராக ஆல்தோ ஃபாப்ரீத்சி. வயல்வெளியில் ஓடி ஓடி இருவருக்கும் மூச்சு வாங்கி, ஆளுக்கொரு பக்கம் நின்று பேரம் பேசுவார்கள். பிடிக்காவிட்டால் போலீஸ்காரருக்கு வேலை போய்விடும். அதற்குள் இரண்டு குடும்பங்களும் ஒரே மேசையில் சாப்பிட்டுப் பழகிவிடுகின்றன. கடைசியில் கைது செய்ய மனம் வராமல் நிற்கும் போலீஸ்காரரைத் திருடன்தான் சிறைக்கு இழுத்துக்கொண்டு போவான். வசன எழுத்துள்ள பிரதி கிடைக்கிறது. வேறு மொழியில் குரல் மாற்றியதை மட்டும் எடுத்துவிடாதீர்கள். பாதித் தொத்தோ தொண்டையில்தான் இருக்கிறார்.